ஐந்து பேர் பார்க்காமல் அடக்கம் இல்லை!

ஏலமலை அடிவாரத்தில் அந்தக் காலப் பிரேத விசாரணை

பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. மேற்கு மலை கறுப்புச் சுவர் போல நிற்கிறது. விறகு பொறுக்கப் போன கிழவி ஒருத்தி கூச்சல் போட்டுக்கொண்டு ஊரை நோக்கி ஓடி வருகிறாள்.

"ஐயோ சாமி! ஓடைக்கரையிலே ஆள் விழுந்து கிடக்குது!"

ஊர் திரள்கிறது. ஓடைக்கரையில், கற்களுக்கு நடுவே, ஓர் ஆணின் பிணம். தலையில் பெரிய காயம். இடுப்பில் வேட்டி. பக்கத்தில் ஒரு கயிறு. தோளில் சுமை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தழும்பு. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவன் போலிருக்கிறது.

பாறையில் சறுக்கி விழுந்தானா? யானை அடித்ததா? மடியில் இருந்த கூலிப் பணத்துக்காக யாராவது அடித்துப் போட்டார்களா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள அடிவார ஊர்களில், 1885-ம் ஆண்டு வாக்கில், இப்படி ஒரு பிணம் கிடந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் யார் வருவார்? யார் விசாரிப்பார்? உண்மை வெளியே வருமா, பிணத்தோடு சேர்ந்து எரிந்து போகுமா?

அந்தக் கதை சுவையானது. கொஞ்சம் வேதனையானதும் கூட!

மலையடிவாரம் அன்று

போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்கு மலையின் காலடியில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்தால் இந்த ஊரின் பெயர் பின்னாளில் நாடு முழுவதும் அடிபட்டது. 19-ம் நூற்றாண்டில் இதை யார் அறிவார்? மானாவாரிக் காடும், ஆடு மாடும், மழையை நம்பிய வாழ்வுமாக இருந்த அடிவாரப் பகுதி இது.

இன்று இது தேனி மாவட்டம். அன்று மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா. போடி ஒரு ஜமீன் ஊர். மலை உச்சியைத் தாண்டினால் திருவாங்கூர் மகாராஜாவின் சீமை.

மலை மேலே ஏலக்காய் விளைந்தது. அறுவடைக் காலம் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆணும் பெண்ணும் கூட்டம் கூட்டமாக மலை ஏறுவார்கள். மோட்டார் கிடையாது. தார் ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மீதும் மேலே போகும். ஏலக்காய் கீழே வரும்.

மதுரை ஐம்பது மைலுக்கு மேல். அந்த மதுரைக்கே ரயில் வந்தது 1875-ல்தான். போடிக்கு ரயில் வர 1928 ஆயிற்று. ஆகவே, மலைச்சரிவில் ஒருவன் செத்தால், சர்க்காரின் காதுக்கு அந்தச் செய்தி எட்டுவதே பெரிய காரியம்.

தலையாரியின் ஓட்டம்

பிணத்தைப் பார்த்ததும் ஊரார் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. அது, ஒன்றும் செய்யாமல் இருப்பது! பிணத்தைத் தொடக்கூடாது. புரட்டக்கூடாது. குளிப்பாட்டக்கூடாது. எரிக்கவோ புதைக்கவோ கூடாது.

இரண்டாவது வேலை, சொல்லுவது. 1882-ம் ஆண்டின் குற்ற விசாரணைமுறைச் சட்டம் இதைக் கட்டாயக் கடமையாக வைத்தது. ஊர்த் தலைவர், கிராமக் கணக்கர், காவல்காரர், நிலத்தின் சொந்தக்காரர் ஆகிய எல்லோரும் சந்தேகச் சாவைப் பற்றி மாஜிஸ்டிரேட்டுக்கோ போலீசுக்கோ உடனே தகவல் கொடுக்க வேண்டும். "எனக்கென்ன, என் நிலத்தில் அல்லவே" என்று மிராசுதார் இருந்துவிட முடியாது.

தகவலைச் சுமந்து ஓடுபவர் தலையாரி. கையில் தடி, இடுப்பில் துண்டு. கிராம முனிசீப்பின் வீட்டுத் திண்ணைக்கு முதலில் ஓடுவார். முனிசீப் என்றால் ஊர் மணியக்காரர். அவருக்குப் பக்கத்தில் கணக்கெழுதும் கர்ணம். இந்த மூவரும் சேர்ந்ததுதான் கிராமத்து ஜனங்கள் கண்ட 'சர்க்கார்'!

மன்றோ செய்த ஏற்பாடு

முனிசீப்புக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது?

அதற்கு முன் கம்பெனி சர்க்கார் வெளியாட்களைத் தாரோகா என்ற பெயரில் போலீஸ் அதிகாரிகளாக வைத்துப் பார்த்தது. அது பலிக்கவில்லை. ஊரைத் தெரியாதவனுக்கு ஊரில் நடந்தது எப்படித் தெரியும்?

"கிராமத்தைக் கிராமத்தாரே காக்கட்டும்" என்பது தாமஸ் மன்றோவின் எண்ணம். அந்த யோசனைப்படி 1816-ல் சென்னை ராஜதானியில் புதிய சட்டம் வந்தது. ஊர்த் தலைவர்களே கிராமப் போலீஸ் ஆனார்கள். திருடனைப் பிடிப்பது, சில்லறை அடிதடியை விசாரிப்பது, துர்மரணம் நடந்தால் ஊராரைக் கூட்டி விசாரித்து மேலே எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பின்னாளில் வந்த சட்டங்களும் இதை மாற்றவில்லை. சென்னை, பம்பாய் ராஜதானிகளில் மட்டும், போலீசைப் போலவே ஊர்த் தலைவரும் பிரேத விசாரணை நடத்தலாம் என்று தனியாகவே எழுதி வைத்தார்கள்.

சென்னைப் பட்டணத்தில் மட்டும் வேறு முறை. அங்கே இங்கிலாந்தைப் போல 'கரோனர்' என்ற தனி அதிகாரி இருந்தார். 1889-ல் அந்தப் பதவியையும் எடுத்துவிட்டார்கள். கிராமத்தில் கரோனர் வேலையைப் பார்த்தவர் நம் முனிசீப்தான்.

பஞ்சாயத்தார் கூடினர்

முனிசீப் ஓடைக்கரைக்கு வருகிறார். கூடவே கர்ணம், ஓலையோ காகிதமோ எழுதுகோலுமாக. ஊரில் மதிப்புள்ளவர்கள் சிலரை அழைக்கிறார்கள். சட்டம் கேட்டது, அக்கம்பக்கத்தில் வசிக்கும் 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட' கண்ணியமான ஆட்களை. வழக்கத்தில் ஐந்து பேர் கூடுவார்கள். அவர்களுக்குப் பஞ்சாயத்தார் என்று பெயர்.

பிணத்தைச் சுற்றி நின்று எல்லோரும் பார்க்க வேண்டும். தலை எந்தத் திசையில் இருக்கிறது? கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? உடம்பில் என்ன துணி? காயம் எத்தனை? நீளம் எத்தனை விரற்கடை? வெட்டா, குத்தா, அடியா? எலும்பு முறிந்திருக்கிறதா? எந்த ஆயுதத்தால் நேர்ந்ததாகத் தோன்றுகிறது? கழுத்தில் கயிற்றுத் தடம் உண்டா? சுற்றிலும் மண் கலைந்திருக்கிறதா? இரத்தம் எங்கே சிந்தியிருக்கிறது?

பிறகு கேள்விகள். கடைசியாக உயிரோடு பார்த்தவர் யார்? யாரோடு பகை? மடியில் பணம் இருந்ததா?

எல்லாவற்றையும் கர்ணம் எழுதுவார். சாவுக்குக் காரணம் இன்னதென்று பஞ்சாயத்தார் கருத்துச் சொல்வார்கள். கடைசியில் கையொப்பம்.

கொலைக்கு மட்டும்தான் இந்த விசாரணை என்று நினைக்க வேண்டாம். தற்கொலை, மிருகம் அடித்த சாவு, இயந்திரத்தில் சிக்கிய சாவு, விபத்து, சந்தேகச் சாவு எல்லாவற்றுக்கும் உண்டு. மலையடிவாரத்தில் இதற்குப் பொருள் அதிகம். யானை அடித்தது என்று ஊர் சொன்னாலும், அது யானைதானா என்று பார்த்தாக வேண்டும். யானையால் வாய் திறந்து மறுப்புச் சொல்ல முடியாதல்லவா?

கீறலும் கையெழுத்தும்

இங்கேதான் ஒரு முக்கியமான சங்கதி.

அன்று கிராமத்தில் எழுத்தறிந்தவர்கள் மிகச் சிலர். பஞ்சாயத்தார் ஐந்து பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிசயம். கர்ணம் எழுதியதைக் கர்ணமே வாசித்துக் காட்டுவார். தெரியாதவர்கள் அடியில் ஒரு கீறல் போடுவார்கள். "இது இன்னாருடைய கீறல்" என்று பக்கத்தில் கர்ணமே எழுதிக்கொள்வார்.

கர்ணம் நேர்மையானவராக இருந்தால் கவலை இல்லை. 'தலையில் வெட்டு' என்று பஞ்சாயத்தார் சொன்னதை, 'பாறையில் மோதிய காயம்' என்று அவர் எழுதிவிட்டால்? வாசிக்கும்போது ஒன்றும், காகிதத்தில் வேறொன்றுமாக இருந்தால்? கீறல் போட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்ற உண்மை, ஒரே ஒருவருடைய எழுதுகோல் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது!

வெயிலும் தூரமும்

காயத்தைப் பார்த்துக் காரணம் புரியாவிட்டால் பிணத்தை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். சர்க்கார் வைத்தியர்கள் இருந்தது பெரிய ஊர்களில்தான்.

சட்டமே இதற்கு ஒரு விலக்கு வைத்திருந்தது. சீதோஷ்ண நிலையும் தூரமும் இடம் கொடுத்தால்தான் அனுப்ப வேண்டும். போகும் வழியிலேயே பிணம் அழுகிவிடும், பரிசோதனை பயன்படாது என்றால் அனுப்ப வேண்டியதில்லை.

சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்! மலைச்சரிவில் கிடக்கும் பிணத்தை மூங்கில் கழியில் கட்டி இறக்க வேண்டும். பாயில் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டி ஆடி அசைந்து பெரியகுளம் போய்ச் சேருவதற்குள் ஒரு பகலும் இரவும் கழிந்துவிடும். வண்டிக்காரர் கிடைப்பதே கடினம். பிணம் ஏற்றிய வண்டியில் மறுநாள் யார் நெல் ஏற்றுவார்கள்?

ஆகவே எத்தனையோ சாவுகளில் பஞ்சாயத்தார் கண்ணால் கண்டதே கடைசிப் பரிசோதனை. வைத்தியர் தொட்டுப் பார்க்காத அந்த உடம்புக்கு, ஊர்க்காரர்களின் கண்தான் சாட்சி.

வாந்திபேதியா, பாஷாணமா?

காயம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். விஷம் தெரியுமா?

அந்தக் காலக் கொலைகாரர்களுக்குப் பிடித்தமான விஷம் பாஷாணம். வெள்ளைத் தூள். பெரிய ருசி இல்லை. சோற்றில் கலந்தால் தெரியாது. சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி, கை கால் இழுப்பு, பிறகு மரணம். காலராவுக்கும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான்!

காலரா ஊர் ஊராகப் பரவி உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. காலராவுக்குக் காரணமான கிருமியை ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்யும் வரை, நோயின் மூலமே யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊரில் வாந்திபேதி பரவியிருக்கும் வாரத்தில் ஒரு வீட்டில் பாஷாணம் வைத்தால், சந்தேகப்படுபவர் யார்? தொற்று பரவுமே என்று பயந்து, பிணத்தை ஒரு மணி நேரத்தில் எரித்துவிடுவார்கள். சாம்பல் சாட்சி சொல்லாது.

ஆனால், விஷத்தைக் காட்டிக் கொடுக்கும் வித்தையும் அப்போது வந்துவிட்டது. 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கில ரசாயன நிபுணர் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். இரைப்பையில் எள்ளளவு பாஷாணம் இருந்தாலும், கண்ணாடியில் கறுப்புக் கறையாகப் படிந்து காட்டிவிடும்.

சென்னையில் 1849-லேயே இத்தகைய ரசாயனப் பரிசோதனைக் கூடம் தொடங்கிவிட்டது. இந்தியாவிலேயே முதலாவது! கல்கத்தாவில் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று சென்னையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஜில்லா வைத்தியர் இரைப்பையையும் ஈரலையும் எடுத்து ஜாடியில் போட்டு, கெடாமல் இருக்கச் சாராயத்தை ஊற்றி, வாயை மூடி, அரக்கு முத்திரை வைத்துச் சென்னைக்கு அனுப்புவார். முத்திரை உடையாமல் போய்ச் சேர வேண்டும். உடைந்திருந்தால், "வழியில் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

பிணம் சொல்லாததை, உயிரோடு இருப்பவனை அடித்துச் சொல்ல வைப்பதும் உண்டு. இதுதான் அந்தக் காலத்தின் பெரிய கறை.

1816 ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவர். அவருடைய சேவகன் காலையில் கிஸ்தி கேட்டு மிரட்டுவான். மாலையில் கொலைக்குத் துப்புக் கேட்டு மிரட்டுவான். இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்.

அதன் பெயர் கிட்டி. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் கட்டி, நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது இன்னொன்று. ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. இப்படி நிறுத்தினால், செய்யாத கொலையையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

இந்தக் கொடுமை லண்டன் பார்லிமெண்டு வரை போனது. 1854-ல் சென்னை சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பல நாள் நடந்து வந்து நேரில் முறையிட்டவர்கள் உண்டு. கடிதம் எழுதியவர்கள் உண்டு. வந்த புகார்கள் மொத்தம் 1,959! வரிக்காகவும் ஒப்புதல் வாக்குமூலத்துக்காகவும் சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று 1855-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது.

அதன் பலனாக 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரித்தார்கள். 1860-ல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதப்பட்டு, 1862-ல் அமலுக்கு வந்தது. வாக்குமூலம் வாங்குவதற்காக ஒருவனை அடித்துக் காயப்படுத்துவதே குற்றம் என்று அதில் தனியாக எழுதினார்கள்.

எழுதியதால் மட்டும் நின்றுவிட்டதா? இல்லை. ஆனால், "இது குற்றம்" என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைத்தது.

யாருடைய சாவு சாவு?

விசாரிப்பவரும் ஊரார், பார்ப்பவரும் ஊரார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஊர் என்றால் யார்?

1816 சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. சில்லறைக் குற்றம் செய்தவனை முனிசீப் பன்னிரண்டு மணி நேரம் சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'கீழ்ச் சாதி' என்றால், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம்! கால் இரண்டையும் மரத்துளையில் பூட்டி, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி உட்கார வைக்கும் தண்டனை. ஒரே குற்றம், சாதிக்கு ஒரு தண்டனை. அதைச் சட்டமே எழுதி வைத்தது.

உயிரோடு இருப்பவனை இப்படித் தரம் பிரித்த சாவடியில், செத்தவனைத் தரம் பிரிக்காமல் விசாரிப்பார்கள் என்று எப்படி நம்புவது? 'கண்ணியமான ஆட்கள்' என்று சட்டம் சொன்னால், அந்த வார்த்தை நிலம் உள்ளவர்களைத்தான் தேடிப் போகும். விறகு பொறுக்கிய கிழவிதான் பிணத்தை முதலில் பார்த்தவள். அவள் பஞ்சாயத்தாரில் ஒருத்தியாக நின்றிருக்கவே முடியாது.

இன்னொரு சிக்கல், எல்லை. மலை உச்சியின் இந்தப் பக்கம் மதுரை ஜில்லா. அந்தப் பக்கம் திருவாங்கூர். அடித்துப் போட்டவன் உச்சியைத் தாண்டிவிட்டால் வேறு சர்க்கார்! போடிப் போலீஸ் நேரே போய்க் கையைப் பிடித்து இழுத்து வர முடியாது. இரண்டு சர்க்காருக்கும் இடையே கடிதம் நடக்க வேண்டும். கடிதம் நடப்பதற்குள் ஆள் நடந்துவிடுவான்.

மூன்றாவது, காய்ச்சல். மலைக்குப் போனவர்களை அதிகம் கொன்றது கத்தியும் யானையும் அல்ல, மலேரியா. மலை மேல் குடிசையில் காய்ச்சலில் செத்தவனுக்குப் பிரேத விசாரணை கிடையாது. அது 'இயற்கை' மரணம். கம்பளி இல்லாததாலும் கஞ்சி போதாததாலும் வந்த சாவும் அந்தக் கணக்கில்தான் போகும். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல்.

அமெரிக்காவிலும் இதே கதை

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல.

அதே 19-ம் நூற்றாண்டில், அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும் ஊர்க்காரர்களே பிரேத விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். கரோனர் ஒருவர், ஜூரிகளாக ஊர் மக்கள் சிலர். நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களை, வெள்ளையர் கும்பல் பட்டப்பகலில் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற காலம் அது. ஊரே கூடி நின்று பார்த்திருக்கும். மறுநாள் ஜூரிகள் கூடித் தீர்ப்பு எழுதுவார்கள். 'அடையாளம் தெரியாத ஆட்களால் நேர்ந்த மரணம்'!

கொன்றவர்கள் சில சமயம் அந்த ஜூரிகளின் அண்டை வீட்டார். அவர்களுக்கா அடையாளம் தெரியாது?

இந்தப் பொய்யை ஒரு பெண் எதிர்த்தார். ஐடா வெல்ஸ் என்பது அவர் பெயர். அடிமைத்தளையில் பிறந்தவர், பிறகு மெம்பிஸ் நகரில் பத்திரிகை நடத்தியவர். 1892-ல் அங்கே கடை வைத்திருந்த மூன்று கறுப்பின ஆண்களைக் கும்பல் கொன்றது. ஐடா வெல்ஸ் ஊர் ஊராகப் போனார். சாவுகளைப் பற்றி விசாரித்தார். பெயர், ஊர், தேதி, சொல்லப்பட்ட காரணம், உண்மைக் காரணம் என்று எழுதி அச்சிட்டார். அவருடைய பத்திரிகை ஆபீசை நொறுக்கினார்கள். அவர் மெம்பிஸுக்குத் திரும்ப முடியவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஜூரிகள் எழுத மறுத்ததை அந்த ஒரு பெண் எழுதினார்!

பஞ்சாங்கத்தில் பதிந்த விரல்

ஊர் வாய் திறக்காவிட்டால் பொருள்களைப் பேச வைக்க முடியுமா? முடியும் என்று காட்டியது நம் நாடுதான்.

1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டது. உலகில் இவ்வகையில் முதன்மையானது அது. ரேகைகளை வகை பிரித்து, ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒன்றைச் சட்டென்று எடுக்கும் முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் பெரும் பங்கு கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் வங்காளத்து ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கொலையுண்டு கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டுப் பணம் போயிருந்தது. பெட்டிக்குள் ஒரு வங்காளிப் பஞ்சாங்கம். அதன் மேல் மங்கலான பெருவிரல் கறை. அந்த ரேகை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரன் ஒருவனுடைய ரேகையோடு பொருந்தியது!

கோர்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? திருட்டுக்கு மட்டும் தண்டனை. கொலைக்கு இல்லை. ரேகை அவன் பெட்டியைத் தொட்டதைத்தான் சொல்லிற்று, கொன்றதைச் சொல்லவில்லை. பார்த்த மனிதன் ஒருவன் வந்து சொல்ல வேண்டியது அப்போதும் பாக்கி இருந்தது.

கிணற்றில் விழுந்த மருமகள்

காலம் மாறிவிட்டது. முனிசீப்பும் கர்ணமும் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 1980-ல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய குற்ற விசாரணைமுறைச் சட்டமும் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது.

ஆனால் பிரேத விசாரணை போகவில்லை! புதிய சட்டத்தின் 194-ம் பிரிவில் அது அப்படியே இருக்கிறது. அக்கம்பக்கத்தார் முன்னிலையில்தான் பிணத்தைப் பார்க்க வேண்டும். காயங்களை எழுத வேண்டும். ஓடைக்கரையில் அன்று கேட்ட அதே கேள்விகள்தான் இன்றும்.

ஊர் பல தலைமுறையாகச் சொல்லி வந்த ஒரு வாக்கியம் உண்டு. 'தண்ணீர் எடுக்கப் போனவள் கால் தவறிக் கிணற்றில் விழுந்துவிட்டாள்.' புதிதாகக் கல்யாணமான எத்தனை பெண்களின் சாவு இந்த ஒரு வரிக்குள் முடிந்திருக்கும்! புருஷன் வீட்டாரும் ஊரார், பஞ்சாயத்தாரும் ஊரார். யார் யாரைப் பகைத்துக்கொள்வார்கள்?

1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ, வைத்தியப் பரிசோதனை நடந்தே தீர வேண்டும். இன்று பத்திரிகையில் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்று படிக்கிறோமே, அது இப்படிப்பட்ட சாவுகளுக்குத்தான். ஊரின் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்று சட்டம் தெரிந்துகொண்டதன் அடையாளம் அது.

போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் போலீசே விசாரித்து முடித்துவிடக் கூடாது. மாஜிஸ்டிரேட் விசாரிக்க வேண்டும். 2020-ல் சாத்தான்குளத்தில் வியாபாரிகளான தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தபோது மாஜிஸ்டிரேட் அந்த ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். அன்று பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு, தாம் கண்டதைப் பயத்தோடுதான் சொன்னார். ஆனால் சொன்னார்!

மலை மறக்கவில்லை

2018 மார்ச் 11-ந் தேதி. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போன இளம் பெண்களும் ஆண்களும் நெருப்பில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடிவாரத்து மக்களும் மீட்புப் படையினரும் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். மாண்டவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும் எழுதப்பட்டது. காரணம் அறிய அரசு தனி விசாரணையே வைத்தது.

அதே சரிவில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு காய்ச்சலில் சரிந்த கூலியாட்களுக்குப் பெயரும் இல்லை; விசாரணையும் இல்லை. இரண்டையும் அந்த மலை பார்த்திருக்கிறது.

ஒருவர் செத்த பிறகு அவருக்காகப் பேச அவரால் முடியாது. அவருக்காகச் சட்டம் செய்து வைத்த ஏற்பாடு மிகச் சிறியது. எரிப்பதற்கு முன், புதைப்பதற்கு முன், நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாலு பேர் வாயை மூடிக்கொண்டால் எந்தச் சட்டமும் உதவாது.

உங்கள் தெருவிலும் ஒரு நாள் பஞ்சாயத்தாராக நிற்கும்படி உங்களை அழைக்கலாம். "நமக்கு ஏன் வம்பு?" என்று கதவைச் சாத்திவிட வேண்டாம். போய் நில்லுங்கள். கண்ணால் நன்றாகப் பாருங்கள். எழுதியதை முழுவதும் படியுங்கள்.

அன்று உங்கள் பாட்டனாருக்குப் படிக்கத் தெரியாது. கீறல் போட்டார். உங்களுக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்து, உண்மை என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்!